எட்டாவது வருடம், ஐந்தாவது கேபிள்: காக்ளியர் இம்பிளான்ட் பயன்பாட்டு அனுபவம்

"மெஷின் பழசாயிடுச்சே, புது ப்ராசஸருக்கு மாறலாமா, இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாமா?" என்று கேட்டு வரும் நண்பர்களுக்காக இந்தப் பதிவு. ஐந்தாவது கேபிளை மாட்டிய கையோடு எழுதுவதால் வார்த்தையில் கொஞ்சம் சூடு இருக்கும். காக்ளியர் இம்பிளான்ட் (காது கேளாதவரின் செவி நரம்புக்கு ஒலியை மின்சாரமாகத் தரும் கருவி) யாருக்கு வைப்பார்கள், ஆபரேஷன் எப்படி என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கே இது. இங்கே பேசுவது ப்ராசஸரை, அதாவது ஒலியை வாங்கி சிக்னலாக்கும் வெளிப்பகுதியை, காது மடலுக்குப் பின்னால் மாட்டும் வகை, ஒரு காது, எட்டாவது வருடம்.

முதலில் உள்ளே இருக்கும் பகுதி. அதைப் பற்றி ஒரு குறையும் இல்லை. நல்ல காதின் நத்தை எலும்புக்குள் உள்வரிசையில் மட்டும் ஒலியை உணரும் மயிர் செல்கள் சுமார் 3,500 இருக்கின்றன. அத்தனை செல்களின் வேலையையும் கம்பெனியைப் பொறுத்து 12, 16 அல்லது 22 எலக்ட்ரோடுகள் (மின்முனைகள்) ஏற்றுக்கொள்கின்றன. 1957இல் பாரிஸில் ஜூர்னோவும் ஏரியேவும் செவி நரம்பில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தபோது நோயாளிக்குக் கிடைத்தது தெளிவில்லாத சத்தம்தான். 1978இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பல சேனல் கருவியைப் பொருத்திய பிறகுதான் அது பேச்சாக மாறத் தொடங்கியது. மனித உடலின் ஒரு புலனுக்கு வைத்த மாற்றுப் பகுதிகளில் இந்த அளவுக்கு வேலை செய்வது வேறு எதுவும் இல்லை என்றே சொல்வேன். மேப்பிங்குக்கு, அதாவது ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு மின்சாரம் என்று சரிசெய்யப் போகும்போதெல்லாம், இம்பீடன்ஸ் (மின்தடை) பார்ப்பார்கள். எட்டு வருடமாக எண்கள் பெரிதாக நகரவில்லை.

இவ்வளவு பெரிய சாதனை தொங்கிக்கொண்டிருப்பது ஒரு விரல் நீள ஒயரில். ப்ராசஸரிலிருந்து, தலையில் காந்தத்தால் ஒட்டி உள்பகுதிக்கு சிக்னல் அனுப்பும் காயிலுக்குப் போகிற அந்தக் கேபிளைத்தான் சொல்கிறேன். என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

அது அறுவது நடுவில் இல்லை, எப்போதும் ஒயரின் முனைக் கழுத்தில்தான். காயிலுக்குள் நுழையும் இடத்திலோ ப்ராசஸரில் சொருகும் இடத்திலோ, ரப்பர் உறை முடிந்து ஒயர் தொடங்கும் அந்த இரண்டு மில்லிமீட்டரில். உள்ளே இருப்பவை முடி போன்ற செம்பு இழைகள். தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மடங்கி நிமிர்கிறது. இழைகள் ஒவ்வொன்றாக அறுந்தாலும் மேலுறை முழுசாகவே இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முதலில் கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் இடதுபக்கம் திரும்பினால் மட்டும் கட் ஆகும், நேராகப் பார்த்தால் வரும். சின்னக் குழந்தைக்கு இதைச் சொல்லத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாது, டீச்சர் 'கவனமில்லை' என்பார், வீட்டில் அடம் என்பார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கேபிள் போயிருக்கும். அந்த ஒரு வாரத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

பாதிக் கேபிள்களைக் கொல்வது நம் கைதான். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்கிறோம். காயிலின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, பக்கவாட்டில் சரித்துத்தான் எடுக்க வேண்டும். இரவில் டப்பாவில் வைக்கும்போது ஒயரை ப்ராசஸரைச் சுற்றிச் சுருட்டவே கூடாது. பெரிய வளையமாகத் தளர்வாக விடுங்கள். நீளமும் முக்கியம். அளவு குறைந்தால் எந்நேரமும் இழுபட்டு நிற்கும், கூடினால் சட்டைக் காலரிலும் ஹெல்மெட் பட்டையிலும் மாட்டும். ஹெல்மெட் போடும்போது காயில் நகர்ந்துவிட்டால் உள்ளே விரலை விட்டுத் தேடாதீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஒட்டுங்கள்.

சத்தம் விட்டு விட்டு வந்தால் ஒரே வரிசையில் சோதியுங்கள். முதலில் பேட்டரி. சரியில்லையா, கேபிள். அதன் பிறகு காயில். கடைசியில்தான் ப்ராசஸர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது போனது என்று தெரியாது. கேபிளைச் சந்தேகித்தால், மாட்டியபடியே இரண்டு முனைக் கழுத்துகளையும் விரல் நுனியில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். கட் ஆகி வந்தால் முடிவு தெரிந்துவிட்டது. பெற்றோர் கேட்டுப் பார்க்கும் மானிட்டர் இயர்போன் மைக்கை மட்டும்தான் சோதிக்கும். அதில் தெளிவாகக் கேட்கிறது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. காயிலுக்கு சிக்னல் போகிறதா என்பதை அது சொல்லாது. கையில் மாற்றுக் கேபிள் இல்லாவிட்டால் இந்தச் சோதனையே நடக்காது. அதனால்தான் ஒன்று எப்போதும் ஸ்பேராக இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். ஆர்டர் போட்டு வருவதற்குள் நாட்கணக்கில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அது எப்படிப்பட்ட காத்திருப்பு என்று.

கேபிளே இல்லாமல் தலையில் ஒட்டும் ஒற்றைத் துண்டு மாடல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இந்தத் தலைவலி அதில் இல்லைதான். ஆனால் காது மடலில் பிடிமானம் இல்லாததால் சுலபமாக விழும், ஹெல்மெட்டுக்குள் அழுத்தும், மைக் காதோரம் இல்லாமல் தலைக்குப் பின்னால் போய்விடும். பேட்டரியை உள்ளேயே மூடி வைத்த மாடலில் அது தளர்ந்தால் முழுத் துண்டையும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.

நம் ஊர் வெயிலும் வியர்வையும் அடுத்த எதிரி. சித்திரை, வைகாசியில் காதுக்குப் பின்னால் வழிகிற உப்புநீர் நேராக பேட்டரி முனைகளில் இறங்கும். அங்கே பச்சைக் களிம்பு தெரிந்தால் ஏற்கெனவே தாமதம். தினமும் இரவில் உலர்ந்த துணியால் துடைத்து, மென்மையான பிரஷால் முனைகளைத் தட்டி, பேட்டரி பகுதியைப் பிரித்து உலர்த்தும் டப்பாவில் வையுங்கள். சிலிகா ஜெல் போட்ட டப்பா என்றால் நிறத்தைப் பாருங்கள்: நீல மணிகள் ரோஸ் ஆகிவிட்டால் ஈரம் குடித்து முடித்துவிட்டன, வறுத்துக் காயவைக்க வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். நிறம் மாறிய மணிகளோடு இரவெல்லாம் வைப்பது ஈரப்பெட்டியில் வைப்பதுதான். தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் உடனே காயிலை ஒட்டாதீர்கள். எண்ணெய் மெல்ல மைக் மூடிக்கு ஏறி, தூசியோடு சேர்ந்து அடைக்கும். அடைத்த மைக்கில் சத்தம் நிற்காது, மங்கும். அதுவும் மேல் ஸ்தாயிதான் முதலில் போகும். மூடிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஆறு ஒலிச் சோதனையை விட நல்லது இல்லை. காலையில் மாட்டியதும், வாயைக் காட்டாமல், பின்னால் நின்று ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று வரிசை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்ல வேண்டும், அல்லது கை தூக்க வேண்டும். மற்றவை கேட்டு 'ஸ்' மட்டும் விழவில்லையா, மேப்பைக் குறை சொல்லும் முன் மைக் மூடியைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

பேட்டரியில் பலர் செய்யும் தவறு, சாதாரண 675 (காது மெஷினுக்கான, காற்றால் ஓடும் பட்டன் பேட்டரி) வாங்குவது. அளவு பொருந்தும், ஆனால் இம்பிளான்ட் இழுக்கும் கரண்டைத் தராது, சீக்கிரமே படுத்துவிடும். உறையில் இம்பிளான்டுக்கு என்று போட்டிருக்க வேண்டும். ஸ்டிக்கரைப் பிய்த்த பின் சில நிமிடம் காற்று வாங்க விட்டு அப்புறம் போடுங்கள். பிய்த்துவிட்டால் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அது தீரத் தொடங்கிவிடும். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. வியர்வை காற்றுத் துளையை அடைத்தாலும் பேட்டரி செத்தது போலவே தெரியும்.

காந்தம் பற்றி ஒரு வார்த்தை. விழுகிறது என்று பலமானதைக் கேட்டு வாங்காதீர்கள். காயில் இருந்த இடத்தில் தோல் சிவந்து, தொட்டால் வலித்தால் ஒரு படி குறைக்க வேண்டும். விட்டுவைத்தால் புண்ணாகும். உள்பகுதியிலும் காந்தம் இருப்பதால், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் இம்பிளான்ட் அட்டையைக் காட்டாமல் அந்த அறைக்குள் போகவே கூடாது.

மேப்பிங்கில் தமிழுக்கென்று ஒரு சிக்கல். ல, ள, ழ மூன்றும், ன, ண வித்தியாசமும் மிக நுண்ணியவை. நல்ல மேப்பிலும் வாய் பார்க்காமல் பிரிப்பது கஷ்டம். 'வலி', 'வழி' என்று தனிச் சொல்லாகக் கேட்டுச் சோதித்துவிட்டு மனம் உடைந்து போகாதீர்கள். வாக்கியத்தில் வந்தால் பிடிபடும். மேப்பிங் செய்யும் ஆடியாலஜிஸ்ட்டிடம் (செவித்திறன் நிபுணர்) போகும்போது 'சரியா கேட்கல' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தச் சொல் எந்தச் சொல்லாகக் கேட்டது என்று எழுதிக்கொண்டு போங்கள். அந்தச் சீட்டை வைத்து அவர் எந்த எலக்ட்ரோடைத் தொட வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். இசை வேறு கதை. தாளம் அருமையாக வரும், சுருதி குழம்பும். கமகங்கள் ஒன்றன்மேல் ஒன்று பூசிக்கொண்டுதான் கேட்கும்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. எக்மோர் பிளாட்பாரத்தில் வண்டி நுழைகிற இரைச்சலில், காது நன்றாக உள்ளவர் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்று கத்துகிற இடத்தில், இம்பிளான்ட் உள்ளவர் மைக்கைத் தணித்துவிட்டு, போனிலிருந்து நேரே நரம்புக்கு வரும் குரலை அமைதியாகக் கேட்கலாம். காயிலை எடுத்தால் உலகமே அடங்கும். மிக்ஸி, டிரில்லிங், பட்டாசு எதுவும் இல்லை. குறையை ஈடுகட்ட வந்த கருவி, இந்த ஓரிடத்தில் இயல்பான காதைத் தாண்டிவிட்டது. மனிதத் திறனை மேம்படுத்தும் தொழில்நுட்பம் நாளை வரும் என்று பேசுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். வந்து பல வருடமாகிறது, காதில் மாட்டியிருக்கிறது.

அதே காரணத்தால் கேபிள் விஷயத்தை வெறும் சர்வீஸ் புகாராக என்னால் விட முடியவில்லை. 675 அளவு பேட்டரியை யார் செய்தாலும் பொருந்துகிறது. கேபிளோ காயிலோ அப்படி இல்லை. ஒரு கம்பெனியின் உள்பகுதிக்கு இன்னொரு கம்பெனியின் ப்ராசஸர் பேசாது. தலைக்குள் ஒன்றை வைத்த நாளிலிருந்து ஆயுள் முழுக்க ஒரே கடையில்தான் வாங்க வேண்டும். அந்தக் கடை மூடினால் என்ன ஆகும் என்பதற்குக் கண் விஷயத்தில் ஏற்கெனவே உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் செகண்ட் சைட் கம்பெனியின் அர்கஸ் 2 விழித்திரை இம்பிளான்ட், 60 எலக்ட்ரோடு, 2013இல் அங்கே அனுமதி பெற்றது. 2019இல் அதைக் கைவிட்டார்கள், 2020இல் கம்பெனியே தள்ளாடியது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் அந்தக் கம்பெனியின் கருவியைக் கண்ணில் வைத்தபடி, பழுதானால் போக இடமில்லாமல் நின்றார்கள்.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாக இதை வைக்கிறார்கள். பெரிய காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இரண்டு வயதில் வைத்த குழந்தைக்கு இது எழுபது வருடம் தேவை. ஒரு ப்ராசஸர் ஏழெட்டு வருடம் என்றால் ஒன்பது, பத்து ப்ராசஸர். கேபிள் கணக்கு தனி. உத்தரவாதம் முடிந்த பிறகு அந்தச் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. கூலி வேலை பார்க்கும் அப்பா, பல ஆயிரம் ரூபாய் ஒயருக்காகக் கடன் வாங்குகிறார். முடியாதபோது மெஷின் அலமாரிக்குப் போகிறது, குழந்தையின் பேச்சும் அதோடு நிற்கிறது. டெண்டர் போடும் அரசு மெஷின் விலையோடு பத்து வருட உதிரிபாகத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மாடலை நிறுத்தினால் எத்தனை வருடம் வரை பார்ட்ஸ் தருவார்கள் என்று எழுத்தில் வாங்க வேண்டும். முற்றிலும் நிறுத்துவதானால் கேபிளின் வடிவமைப்பையாவது மற்றவர்கள் செய்ய விட்டுக்கொடுக்க வேண்டும். முழுக்கத் தோலுக்கடியில் வைக்கும் மாடல்கள் சோதனையில் இருக்கின்றன. அதில் ஒயர் இருக்காது, ஆனால் உள்ளே உள்ள பேட்டரி தீர்ந்தால் மாற்ற ஆபரேஷன்.

வீட்டில் எல்லோரும் கொஞ்சம் சைகை மொழியும் கற்றுக்கொள்ளுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். குளியல், தூக்கம், ரிப்பேர் நாட்கள் எல்லாம் சேர்ந்தால் மெஷின் இல்லாத நேரம் நிறைய.

தீர்ப்பு கேட்டால், உள்பகுதிக்குப் பத்துக்குப் பத்து. இரைச்சலில் பேச்சைப் பிரிப்பதில் புது ப்ராசஸர்கள் முன்னேறியிருப்பதும் உண்மை. போன வாரம் கேட்டிருந்தால் மாறுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இன்று சொல்ல மாட்டேன். பழையது ஓடுகிற வரை ஓட்டுங்கள், அந்தக் காசில் இரண்டு கேபிள், ஒரு காயில் வாங்கி வையுங்கள். பழைய மாடலுக்கு பார்ட்ஸ் நிறுத்தப்போகிறோம் என்று கடிதம் வந்துவிட்டால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அப்படி மாறினாலும் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாமல், இன்றைய மேப்பை அதிலும் ஏற்றித் தரச் சொல்லி, உலர்த்தும் டப்பாவில் பேட்டரி இல்லாமல் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து மாட்டி, ஆறு ஒலியும் சொல்லிப் பாருங்கள்.