சிவப்பு எந்தப் பக்கம்? மிதவையும் கரைப்பலகையும்

ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து பெர்னாம் ஆற்றில் மீன்பிடிக்கச் செல்லும் தோட்டத்து இளைஞர்கள் சிலர், படகோட்டும் விதிகளை அமெரிக்கக் காணொளிகளில் பயில்கின்றனர். "கடலிலிருந்து திரும்பினால் சிவப்பு வலப்பக்கம்" என்று, படகுவழியின் விளிம்புகளைக் காட்டும் மிதவைகளின் நிறத்தைப் பற்றி அவர்கள் மனப்பாடமாகச் சொல்லும்போது எனக்கு அச்சமே மேலிடுகிறது. மலேசியாவில் அது நேர் தலைகீழ்.

1980-ஆம் ஆண்டு தோக்கியோ மாநாட்டில் உலகின் மிதவை முறைகள் ஒன்றிணைக்கப்பட்டபோதும், நிறத்தில் மட்டும் இரு வட்டாரங்கள் நிலைத்துவிட்டன. மலேசியா அடங்கிய 'ஏ' வட்டாரத்தில், கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைபவருக்குச் சிவப்பு இடப்பக்கமும் பச்சை வலப்பக்கமும் அமையும். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், பிலிப்பைன்ஸ் முதலியவற்றைக் கொண்ட 'பி' வட்டாரத்தில் நிறங்கள் இடம் மாறும். வடிவம் மாறுவதில்லை: இரண்டிலும் இடப்பக்கத்துக்கு உருளை, வலப்பக்கத்துக்குக் கூம்பு. மாலை வெயில் எதிரே நிற்கும்போது சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலக் கறுத்துவிடும் என்பதால், முதலில் வடிவத்தைப் பார்க்கப் பழகுவதே பாதுகாப்பு.

உள்நாட்டு ஆறுகளில், பகலில் நிறத்தாலும் வடிவத்தாலும் வழிகாட்டக் கரையில் நடப்படும் பகல்குறிப் பலகைகள் இதனினும் நுட்பமானவை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறுபவருக்கு வலக்கையில் சிவப்பு முக்கோணமும் இடக்கையில் பச்சைச் சதுரமும் தெரியும். வைர வடிவப் பலகை வந்தால், ஆழமான வழி ஒரு கரையை விட்டு எதிர்க்கரைக்குத் தாண்டுகிறது என்று பொருள். ஐரோப்பிய ஆறுகளிலோ கரைகள் நீரோட்டத்தின் திசையை நோக்கி நின்று வல, இடக் கரைகளாகப் பெயரிடப்படுகின்றன. வலக்கரைக்குச் சிவப்பு, இடக்கரைக்குப் பச்சை. ஆகவே அங்கே மேலேறுபவருக்கும் நம் ஆற்றைப் போலவே இடக்கையில்தான் சிவப்பு வரும். வழி கரைமாறும் இடத்தை அங்கே மஞ்சள் குறிகள் காட்டுகின்றன.

மிதவை ஆழத்தின் விளிம்பிலேயே நிற்பதால் நேரடியாகப் பயன்படுகிறது. ஆனால் வெள்ளத்தில் சங்கிலி இழுபட்டு அது இடம்பெயரலாம், மிதந்துவரும் மரமும் அதை மோதித் தள்ளலாம். பலகை அசையாது, எனினும் வண்டல் படிந்து வழி விலகினால், அதை மாற்றி நடும்வரை பழைய வழியையே காட்டிக்கொண்டிருக்கும். சேறும் வளைவும் மிகுந்த பெர்னாம் போன்ற ஆற்றுக்கு, அடுத்த வளைவில் எந்தக் கரையை நோக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் பலகையையே நான் விரும்புவேன். மிசிசிப்பியில் சில பலகைகள் ஆற்று மைல் எண்ணையும் தாங்கி நிற்பதால், இயந்திரம் நின்றுபோனவர் தாம் இருக்கும் இடத்தை ஓர் எண்ணாலேயே தெரிவித்துவிடலாம். கரையெங்கும் ஒரே நீப்பாப் பனை மரங்களாகத் தெரியும் ஆற்றில் அந்த வசதி பெரிதும் உதவும்.