"பாஸ்வேர்ட் நீங்கதானே மேடம் குடுத்தீங்க?"

லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு, திரும்பி வாங்கியதும் செய்யக் கூடாத ஒரு காரியம் இருக்கிறது. நான் அதைச் செய்து பாதி ஆதாரத்தை என் கையாலேயே அழித்தேன்.

கடையின் பெயர், ஊர், நாடு எதையும் எழுதப் போவதில்லை. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. இது எந்த நாட்டிலும் நடக்கக்கூடிய சங்கதி என்பதால் அந்த விவரம் இல்லாமலும் விஷயம் புரியும்.

மின்விசிறி இரைந்தது, அவ்வளவுதான் கோளாறு. திங்கட்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பையன் ஜாப் கார்டை நிரப்பினான். பெயர், செல்பேசி எண், மாடல், கோளாறு என்று எழுதிக்கொண்டே வந்து கடைசிக் கட்டத்தில் நிமிர்ந்தான்.

"பாஸ்வேர்ட் சொல்லுங்க மேடம்."

"ஃபேனுக்கு எதுக்குப்பா பாஸ்வேர்ட்?"

"சரி பண்ணிட்டு டெஸ்ட் பண்ணணும்ல."

எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சொன்னேன். எழுத்து எழுத்தாக, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. அதே பாஸ்வேர்ட்தான் என் மின்னஞ்சலுக்கும் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

வியாழன் மாலை லேப்டாப் கைக்கு வந்தது. இரைச்சல் போயிருந்தது. வேலை சுத்தம், அதில் குறை சொல்ல மாட்டேன். இரவு ஏதோ ஒரு கடிதத்தைத் தேடி ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால், சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியலில் நான் பல மாதங்களாகத் தொடாத பெயர்கள். அம்மாவின் ஸ்கேன் அறிக்கை. என் வருமான வரிக் கணக்கு. எப்போதோ போன பயணத்தின் படங்கள், அதிலும் கடற்கரையில் எடுத்தவை மட்டும். நேரத்தைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3.40-லிருந்து 4.15 வரை. அந்த நேரத்தில் லேப்டாப் அவர்கள் மேசையில் இருந்தது.

கோபம் பிறகுதான் வந்தது. முதலில் கூச்சம். பட்டியலை செல்பேசியில் ஒரே ஒரு படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் பதில் வருவதற்குள், பார்க்கவே பிடிக்காமல், பட்டியல் முழுவதையும் அழித்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். பிரவுசர் வரலாற்றையும் துடைத்தேன். வீட்டுக்குள் யாரோ செருப்புக் காலோடு நடந்துவிட்டுப் போனால் உடனே தரையைக் கழுவத் தோன்றுமே, அந்த மாதிரி. தம்பி போனில் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, போலீஸ் வர்றதுக்கு முன்னாடி நீயே ரத்தத்தைத் துடைச்சிட்டியே!"

நல்லவேளை, எல்லாமே அழியவில்லை. முதல்முறையாகச் செருகப்படும் பென்டிரைவின் விவரத்தை விண்டோஸ் நேரத்தோடு ஒரு பதிவுக் கோப்பில் குறித்து வைக்கிறது. தம்பி மறுநாள் வந்து அதைத் தோண்டினான். செவ்வாய், 3.52. எங்கள் வீட்டில் இல்லாத ஒரு பென்டிரைவ்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனோம். மேலாளர் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுச் சொன்ன வாக்கியம்தான் இந்தப் பதிவின் தலைப்பு. கூடவே ஜாப் கார்டின் பின்பக்கப் பொடி எழுத்தைக் காட்டினார்: 'தரவு இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல.' "சட்டப்படி எங்க மேல ஒண்ணும் இல்ல மேடம்." நானும் வாயடைத்துப் போய்த் திரும்பி வந்தேன்.

அந்தப் பொடி எழுத்து, பழுதுபார்க்கும்போது கோப்புகள் அழிந்துபோனால் என்ன என்பதைப் பற்றியது. கோப்புகளைத் திறந்து பார்ப்பதையும் பென்டிரைவில் எடுத்துப் போவதையும் அது தொடவே இல்லை. இது புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

பாஸ்வேர்ட் விஷயம் இதைவிடச் சிக்கல். கணினிக் குற்றச் சட்டங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: அனுமதி இருந்ததா? சாவியைக் கொடுத்தாலே எல்லா அறைக்கும் அனுமதியா, சொன்ன வேலைக்கு மட்டும்தானா என்பதில் நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. பிரிட்டனில் 1990-ல் வந்த கணினி முறைகேட்டுச் சட்டத்தின்படி, உள்ளே போக உரிமை உள்ளவரும் தனக்கு அனுமதிக்கப்படாத தரவைத் தெரிந்தே பார்த்தால் குற்றம். கடன் அட்டை நிறுவன ஊழியர் ஒருவர் தனக்கு ஒதுக்கப்படாத கணக்குகளைத் திறந்த வழக்கில், 1999-ல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அப்படித்தான் சொன்னது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 43-ல் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தரவை நகலெடுப்பதே இழப்பீட்டுக்கு உரிய தவறு. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66-ன் கீழ் 3 ஆண்டு வரை சிறை. அமெரிக்காவில்தான் மேலாளரின் வாதம் கொஞ்சம் எடுபடும். வான் பியூரன் என்ற போலீஸ்காரர் தனக்குத் தரப்பட்ட அனுமதியை வைத்துக்கொண்டே வேறு காரணத்துக்காக வாகனப் பதிவுகளைப் பார்த்தார். கூட்டாட்சிக் கணினிச் சட்டத்தின் கீழ் அது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பதுதான் அங்கே கணக்கு.

பிரிட்டிஷ் சட்டம் பிறந்ததற்கே ஒரு பாஸ்வேர்ட்தான் காரணம் என்பது வேடிக்கை. 1980-களில் பிரெஸ்டல் என்ற தகவல் சேவைக்குள் கோல்ட், ஷிஃப்ரீன் என்ற இருவர் நுழைந்தார்கள். பயனர் எண் எட்டு 2-கள், கடவுச்சொல் 1234. இளவரசர் பிலிப்பின் அஞ்சல் பெட்டி வரை போனார்கள். அப்போது பொருத்தமான சட்டம் இல்லாததால் மோசடி ஆவணச் சட்டத்தில் வழக்குப் போட்டு, 1988-ல் அது நிற்காமல் போனது. இதைப் படித்த பிறகு என் பாஸ்வேர்டைப் பற்றிய வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

நான் தனி ஆளும் இல்லை. கனடாவின் குயெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செய்வதையெல்லாம் ரகசியமாகப் பதிவுசெய்யும் லேப்டாப்களைப் பழுதுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 6 இடங்களில் தனிப்பட்ட கோப்புகளைத் திறந்திருந்தார்கள். அதில் 2 இடங்களில் நகலும் எடுத்திருந்தார்கள். பெண்களுடையதாகத் தெரிந்த லேப்டாப்களில்தான் அதிகம். பேட்டரி மாற்றுவதற்குக்கூடப் பெரும்பாலான கடைகள் பாஸ்வேர்ட் கேட்டிருக்கின்றன. ஆக, என்னைக் கேட்ட பையன் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

இதற்குள் அழைப்புகள் வர ஆரம்பித்தன. "மேடம், உங்க லேப்டாப் வாரண்டி முடிஞ்சிருக்கு, நீட்டிக்கலாமா?" மாடலைக்கூடச் சரியாகச் சொன்னார்கள். அந்த மாடலையும் அந்த எண்ணையும் நான் சேர்த்து எழுதிக் கொடுத்த ஒரே இடம் அந்த ஜாப் கார்டு. எண்ணை வாங்கியது லேப்டாப் தயார் என்று சொல்வதற்காக. தரவுப் பாதுகாப்புச் சட்டங்களின் உயிர்நாடியே இதுதான். எந்தக் காரியத்துக்காக வாங்கினார்களோ அதற்குத்தான் பயன்படுத்தலாம். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதியான ஜிடிபிஆர், சிங்கப்பூரின் 2012 சட்டம், மலேசியாவின் 2010 சட்டம், இலங்கையின் 2022 சட்டம், இந்தியாவின் 2023 சட்டம் எல்லாவற்றிலும் இந்தச் சரடு ஓடுகிறது. ஆனால் சட்டம் நிறைவேறியதும் கையில் கிடைத்துவிடாது. இந்தியாவில் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான பிரிவுகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம்.

எனக்குக் கைகொடுத்தது யாரையும் மிரட்டாத ஒரு பக்கக் கடிதம். என்னைப் பற்றி உங்களிடம் இருக்கும் தகவல் அனைத்தின் நகலும் வேண்டும். யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்ற விவரமும் வேண்டும். அவ்வளவுதான் எழுதினேன். ஜிடிபிஆரில் இதற்கு ஒரு மாதத்தில் பதில் சொல்லியாக வேண்டும், மலேசியாவில் 21 நாள். தரவு கசிந்தது தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒழுங்குமுறை அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்பதும் ஐரோப்பிய விதி. நாங்கள் போய்ச் சொன்ன வெள்ளிக்கிழமையையே கடிதத்தில் தேதியோடு குறித்தேன். தண்ணீர் கொடுத்து அனுப்பிய மேலாளர், கடிதம் போன மூன்றாம் நாள் தானாகவே போன் செய்தார். குரலில் 'மேடம்' கொஞ்சம் கூடியிருந்தது.

போனில் பேசாதீர்கள். "எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைச் செய்ய வைத்தது தம்பி. ஆனால் அவன் எல்லாவற்றிலும் கெட்டிக்காரன் இல்லை. கடைச் சுவரில் ஒட்டியிருந்த வைஃபை பாஸ்வேர்டைக் குறித்துக்கொண்டு வந்து, "உள்ள போய் அவன் கம்ப்யூட்டர்ல நம்ம ஃபைல் இருக்கான்னு பாக்கவா?" என்று கேட்டான். அந்தப் பையனின் படத்தை இணையத்தில் போட்டுக் கிழிக்கலாம் என்பது அவனுடைய அடுத்த யோசனை. இரண்டையும் தடுத்தேன். முதலாவதைச் செய்திருந்தால் குற்றவாளிக் கூண்டில் நாங்கள்தான் நிற்போம். அங்கே போய், "சுவரில் நீங்கதானே எழுதி வெச்சீங்க" என்று மேலாளரின் வாதத்தையே அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்று. இதையே பக்கத்து வீட்டுக்காரரோ நண்பரோ செய்திருந்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் உதவாது. ஜிடிபிஆர் உட்பட பல சட்டங்கள், ஒருவர் சொந்த, குடும்பக் காரியத்துக்காகத் தரவை வைத்திருப்பதை விட்டுவிடுகின்றன. அங்கே கணினிக் குற்றச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

இனி கொடுக்கிறவர்கள் விருந்தினர் கணக்கு ஒன்றைத் திறந்து அந்தப் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள். மின்விசிறியின் சத்தத்தைக் கேட்க அது போதும். சாம்சங், பிக்ஸல் போன்களில் பழுதுபார்ப்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. அதைப் போட்டால் உங்கள் படங்கள் கண்ணில் படாது. கட்டாயம் உங்கள் பாஸ்வேர்ட்தான் வேண்டும் என்றால் நீங்களே போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் நில்லுங்கள். திரும்பி வந்ததும் எதையும் துடைக்காதீர்கள், எல்லாத் திரையையும் தேதி தெரிய முதலில் படம் எடுங்கள்.

பதில் 29-வது நாள் வந்தது. பென்டிரைவைப் பற்றி 'உள் விசாரணை நடக்கிறது' என்று ஒரு வரி. ஊழியரின் பெயர் இல்லை. என் எண்ணை 'வணிகக் கூட்டாளி' ஒருவருக்குக் கொடுத்ததை ஒப்புக்கொண்டிருந்தார்கள். கூடவே ஸ்கேன் செய்த ஜாப் கார்டின் நகல். அதில் கடைசிக் கட்டத்தில், அந்தப் பையனின் அழகான கையெழுத்தில், என் பழைய பாஸ்வேர்ட். அவர்கள் கணினியில் இத்தனை நாளும் அப்படியே இருந்திருக்கிறது.

அதை அழிக்கச் சொல்லி இரண்டாவது கடிதம் போட்டேன். கணக்கு வழக்குக்காக ஜாப் கார்டை வைத்திருந்தாக வேண்டும், பாஸ்வேர்டை மட்டும் மறைத்துவிட்டோம் என்று பதில் எழுதி, மறைத்த நகலையும் இணைத்திருந்தார்கள். கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். திரையின் வெளிச்சத்தைக் கூட்டிவைத்துப் பார்த்தால் எட்டு எழுத்தும் தெரிகிறது. மூன்றாவது கடிதத்தை நேற்று அனுப்பினேன்.