‘பூச்சி மருந்து கொடுத்தாச்சு’ என்ற பேச்சை நம்பி ஆமை வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் ஆமை வாங்கும் யோசனையில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 150 பவுண்டுக்கு வாங்கிய ஆமைக்கு இதுவரை 400 பவுண்டுக்கு மேல் செலவாகிவிட்டது.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு ஹெர்மன் ஆமை உண்டு. பெயர் அப்பு, வயது ஒன்பது. துணைக்கு இன்னொன்று வேண்டும் என்று மகள் நச்சரிக்க, ஆகஸ்டில் ஊர்வன விற்கும் கடை ஒன்றில் ஹார்ஸ்ஃபீல்டு ஆமை ஒன்றை வாங்கினோம். (ஆமைக்குத் துணையே தேவையில்லை, இரண்டு இனங்களைச் சேர்த்து வைக்கவும் கூடாது. அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்தத் தப்பு என்னுடையது.) இங்கேயே பொரித்து வளர்த்தது, வயிற்றுப் புழுவுக்குப் பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது, செக்கப்பும் முடிந்தது என்றார் கடைக்காரர். ஹெர்மன் ஆமையை விற்கச் சான்றிதழ் வேண்டும். ஹார்ஸ்ஃபீல்டுக்கு அது தேவையில்லை என்பதால் எந்தக் காகிதமும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

புதியவன் நன்றாகத்தான் தின்றான். ஆனால் 480 கிராம் இருந்தவன் ஐந்து வாரத்தில் 430க்கு வந்துவிட்டான். மலம் இளகி, நாற்றம் தாங்கவில்லை. ஒருநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்க விட்டபோது தொட்டியிலேயே மலம் கழித்துவிட்டான். அதில் வெந்த சேமியா போல வெள்ளையாக ஒன்று. சிறுநீரோடு வரும் வெள்ளைக் கலங்கல் என்று நினைத்துக் குனிந்தால், அது நெளிகிறது.

கடைக்குப் போன் செய்தேன். எல்லா ஆமைக்கும் புழு இருக்கும் என்றார்கள். பாதி உண்மை. சின்ன ஊசிப்புழு கொஞ்சம் இருப்பது சகஜம்தான். பிறகு, வந்து மருந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். லேபிளே இல்லாத குப்பி, வாயில் இரண்டு சொட்டு விட வேண்டுமாம். என்ன மருந்து என்று கேட்டால், ஆட்டுக்குக் கொடுப்பதுதான் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். நல்லவேளை, கொடுக்காமல் நேரே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் குப்பியோடு போனேன். ‘ஐவர்மெக்டினாக இருந்தால் ஆமை செத்துப்போகும்’ என்று அதை வாங்கி வைத்துக்கொண்டார் அந்த அம்மா. ஆடு மாடுகளுக்குச் சர்வசாதாரணமான மருந்து, ஆமைக்கு உடம்பையே முடக்கிவிடும் விஷம்.

மலத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் தட்டையாக அரைநிலா போல இருந்தவை ஊசிப்புழு முட்டைகள். உருண்டையாகத் தடித்த ஓட்டோடு இருந்தவை உருண்டைப்புழுவின் முட்டைகள். ஆமையின் முதுகு ஓடு தேய்ந்து வடுவோடு இருப்பதைப் பார்த்தால், இது பெரும்பாலும் மத்திய ஆசியாவில் காட்டில் பிடித்த ஆமையாகத்தான் இருக்கும் என்றார். செக்கப் செய்ததாகச் சொன்னார்களே, ரிப்போர்ட் எங்கே என்று அவர் கேட்டபோது எனக்கு வாயே திறக்கவில்லை.

மருந்து கொடுத்ததும் பரிசோதித்ததும் ஒன்றல்ல. என்ன மருந்து, எந்தத் தேதி, அதற்குப் பிறகு மலம் பார்த்தார்களா என்று கேளுங்கள். ரிப்போர்ட் இல்லையென்றால் வாங்கிய முதல் வாரமே நீங்களே மருத்துவரிடம் மலத்தைக் கொடுத்துப் பாருங்கள். புதிய மலத்தை மூடிய டப்பாவில் போட்டு, உடனே போக முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஒருமுறை ஒன்றும் இல்லை என்று வந்தாலும் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், முட்டை தினமும் வெளியே வராது. அதுவரை செய்தித்தாள் விரித்த தனிப்பெட்டிதான். மூன்று மாதமாவது பழைய ஆமை பக்கம் விடாதீர்கள். மண்ணில் விழுந்த முட்டை லேசில் சாகாது.

முதல் வாரம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பினால் முழுப் பணம் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆமைக்கும் அது பொருந்தும். நான் போன் செய்தது 36ஆம் நாள். விற்கும்போது நன்றாகத்தான் இருந்தது என்று முடித்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் இருக்கிறவர்கள் இதைப் பார்த்து நட்சத்திர ஆமை தேடிப் போகாதீர்கள், அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

அப்புவுக்கும் தொற்றிவிட்டது. இரண்டுக்கும் ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும். பெட்டி மண் முழுவதையும் கொட்டிவிட்டேன். புழுவோடு குளிர்காலத் தூக்கத்துக்கு அனுப்பக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். (குளிர் ஒரே சீராக இருக்க, வீட்டு ஆமைகளை ஃப்ரிட்ஜில் தூங்க வைப்பதுண்டு.) நவம்பரில் ஃப்ரிட்ஜில் 5 டிகிரியில் தூங்க வேண்டிய அப்பு, விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து கீரை தின்றுகொண்டிருக்கிறான். கரண்ட் பில் இன்னும் வரவில்லை.