படகு ஏன் விழுகிறது? மேல்ஸ்ட்ராம் – ஃப்ரோசன், ஸ்பிளாஷ் மவுண்டன் – டியானா

டிஸ்னி பூங்கா ரசிகர்கள் நான்கு பேர் கூடும் இடத்தில் பழைய படகு சவாரி ஒன்றின் பெயரைச் சொன்னால் போதும், பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். நன்றாக இருந்ததை ஏன் தொட்டார்கள் என்று ஒரு பக்கம், எத்தனை வருஷம்தான் அதையே வைத்திருப்பது என்று இன்னொரு பக்கம். இரு தரப்பும் பெரும்பாலும் பாத்திரங்களைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். ஃப்ரோசன் படத்தின் பனி ராணி எல்சாவுக்கும் நார்வேக்கும் என்ன சம்பந்தம், முயலை எடுத்துவிட்டுத் தவளையை வைக்கலாமா, இப்படி. எனக்குக் கேட்கத் தோன்றுவது வேறு. படகு இருட்டில் மேலே ஏறி, ஒரு கட்டத்தில் சடாரென்று கீழே விழுகிறதே, அது ஏன் விழுகிறது? கதையில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறதா? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், ரசிகர்கள் திட்டித் தீர்த்த ஒரு மாற்றம் தேறிவிடுகிறது. நியாயமான காரணத்துக்காகச் செய்த இன்னொரு மாற்றம் தடுமாறுகிறது.

ஃப்ளோரிடாவில் எப்காட் பூங்காவின் நார்வே அரங்கில் 1988-ல் தொடங்கியது மேல்ஸ்ட்ராம். சில நிமிடங்களே ஓடும் சின்ன சவாரி. வைகிங் கப்பல் போன்ற படகில் 16 பேர் உட்காரலாம். வைகிங்குகளின் கடவுளான ஓடினின் முகத்தை நோக்கி ஏறி, வைகிங் கிராமத்தைத் தாண்டிப் போனால், மூன்று தலை பூதம் ஒன்று வழிமறித்துச் சபிக்கும். அந்தச் சாபத்தில் படகு பின்னோக்கி ஓடத் தொடங்கும். பனிக்கரடிகளைக் கடந்து அருவியின் விளிம்பில் போய் நிற்கும். வெளியே முற்றத்தில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தால், பாறை இடுக்கில் படகின் பின்பகுதி மட்டும் எட்டிப் பார்ப்பது தெரியும். விழப்போகிறது என்று நினைக்கும்போது படகு திசை மாறி முன்னோக்கிப் பாய்ந்து, வடகடல் புயலுக்குள் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடையின் அருகே போய் விழும். அப்புறம் அமைதியான ஒரு மீனவ கிராமம், இறங்கியதும் நார்வே பற்றி ஒரு குறும்படம். சபித்தது பூதம், விழுந்தது நாம். காரணம் பளிச்சென்று இருந்தது.

2014 அக்டோபரில் அதை மூடினார்கள். அதே தடம், அதே படகுகளோடு 2016 ஜூனில் ஃப்ரோசன் எவர் ஆஃப்டர் வந்தது. எதிர்த்தவர்களின் வாதத்தில் கனம் இருந்தது. எப்காட்டின் அந்தப் பகுதியில் 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. நிஜ நாடுகளைக் காட்டத்தான் அவற்றைக் கட்டினார்கள். அங்கே ஃப்ரோசன் படத்தின் ஆரண்டெல் என்ற கற்பனை ராஜ்ஜியத்தைக் குடியேற்றினால், நார்வே என்று பலகை மட்டும் எதற்கு? எனக்கும் இதில் மறுப்பு இல்லை. குறிப்பாக அந்த எண்ணெய்க் கிணற்று மேடை. ஒரு நாடு தன் புராணத்தையும் தன் இன்றைய பிழைப்பையும் ஒரே சவாரியில் வைத்துக் காட்டியது அழகான துணிச்சல். அது போய்விட்டது, ஈடே இல்லை.

ஆனால் படகுக்குள் உட்கார்ந்து யோசித்தால் கணக்கு மாறுகிறது. பனிமனிதன் ஓலாஃப் வரவேற்க, படகு மேலேறி எல்சாவின் பனி மாளிகைக்குப் போகிறது. அவள் பாடிக்கொண்டே கையை வீசும் தருணத்தில் படகு பின்னோக்கி ஓடுகிறது. பூதத்தின் சாபம் இருந்த இடத்தில் எல்சாவின் மந்திரம். பழைய தடத்தின் வினோதமான நெளிவைப் புதுக் கதை அப்படியே வாங்கிக்கொண்டது. பின்னால் போவதற்கு எல்சாவின் கைவீச்சைவிடப் பொருத்தமான காரணத்தை யாராலும் யோசித்திருக்க முடியாது என்றே சொல்வேன். பிறகு பனி அரக்கன் மார்ஷ்மெல்லோ முன்னால் நிற்க, படகு திசை மாறிக் கீழே சரிகிறது. பூதத்தின் மிரட்டல் இதில் இல்லை, சரி. இருந்தாலும் படகுக்கும் கதைக்கும் உள்ள முடிச்சு அவிழவில்லை.

பொம்மைகளின் முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016-ல் முகங்களை உள்ளிருந்து ஒளி வீசிக் காட்டினார்கள். இருட்டில் உடம்பு ஒரு வெளிச்சத்திலும் முகம் வேறொரு வெளிச்சத்திலும் தெரிந்து கண்ணை உறுத்தியது. 2023-ல் ஹாங்காங்கில் திறந்த இதே சவாரியில் வடித்தெடுத்த, அசையும் முகங்களை வைத்தார்கள். எப்காட்டுக்கும் அவையே வரும் என்று டிஸ்னி 2025-ல் அறிவித்தது. சவாரியாக மட்டும் பார்த்தால் ஃப்ரோசனுக்கு ஒரு முழம் கூடுதல், அரங்காகப் பார்த்தால் மேல்ஸ்ட்ராமுக்கு ஒரு காதம் கூடுதல். இதுதான் என் தீர்ப்பு.

ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற படகு சவாரியின் விவகாரம் இன்னும் சிக்கலானது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1989-ல் திறந்தது, 1992-ல் ஃப்ளோரிடாவுக்கும் டோக்கியோவுக்கும் போனது. 1946-ல் வந்த சாங் ஆஃப் தி சவுத் படத்தின் கார்ட்டூன் பகுதிகளே அதன் கதை. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தோட்டப் பண்ணைகளில் கறுப்பின மக்களின் வாழ்க்கையை இனிப்புத் தடவிக் காட்டிய அந்தப் படத்தை, டிஸ்னியே அமெரிக்காவில் வீட்டு வீடியோவாக வெளியிட்டதில்லை. படத்தைக் காட்டக் கூசும் நிறுவனம் அதன் பாட்டையும் பாத்திரங்களையும் வைத்துத் தினமும் ஆயிரக்கணக்கான பேரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. 2020 ஜூனில் மாற்றப்போகிறோம் என்று அறிவித்தபோது, சவாரியில் வெறும் விலங்குகள்தானே இருக்கின்றன என்று பலர் வாதாடினார்கள். நான் அந்தப் பக்கம் நிற்கவில்லை. மாற்றியது சரி.

ஆனால் அந்தச் சவாரியின் நாயகனான முயலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. அடிமைப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த கதைகளின் நாயகன் அது. உடம்பில் பலமில்லை, புத்திதான் ஆயுதம். சிங்கத்தைக் கிணற்றுக்குள் குதிக்க வைத்த நம் கதை முயலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். படத்தின் கறையோடு சேர்ந்து அந்த முயலும் வெளியேறியது, எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

ஏனென்றால் அந்த விழுகை அந்த முயலுடையது. வீட்டை விட்டு ஊர் சுற்றக் கிளம்பிய முயல் நரியிடம் மாட்டிக்கொள்கிறது. கடைசி ஏற்றத்தில் படகு மெல்ல மேலே போகும்போது தலைக்கு மேல் இரண்டு கழுகுகள் உட்கார்ந்து நம்மைக் கேலி செய்யும். கட்டிப்போட்ட முயல் நரியிடம் கெஞ்சும்: என்ன வேண்டுமானாலும் செய், அந்த முட்புதரில் மட்டும் எறிந்துவிடாதே. நரி எறிகிறது. உச்சியில் ஒரு துளி வெளிச்சம், அடுத்த நொடி சுமார் 50 அடி கீழே, நேராக அந்த முட்களுக்குள். முட்புதர்தான் முயல் பிறந்து வளர்ந்த இடம். விழுவதுதான் தப்பிப்பது. தண்ணீர் தெறித்து, பயந்து, சிரித்து வெளியே வந்தவர்களுக்கு அந்தத் தந்திரம் உடம்பிலேயே பதிந்தது. ஒரு பூங்கா சவாரியில் கதையும் இயந்திரமும் இந்த அளவுக்கு ஒன்றாகிப்போனதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2024 ஜூனில் ஃப்ளோரிடாவிலும் நவம்பரில் கலிஃபோர்னியாவிலும் அந்த இடத்தில், தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக் படத்தை ஒட்டிய டியானாஸ் பாயூ அட்வென்ச்சர் வந்தது. பொம்மைகளின் நேர்த்தியில் பழையது பக்கத்திலேயே நிற்க முடியாது. டியானா தலையைத் திருப்பிப் பேசும் விதம், கையசைவின் இழைவு எல்லாம் அத்தனை உயிரோட்டம். டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசிக்கு ஒரு முழு சவாரி கிடைத்ததும் பெரிய விஷயம். ஆனால் கதை? மார்டி கிரா என்ற திருவிழா விருந்துக்கு இசைக் கலைஞர்களைத் தேடிப் போகிறோம். ‘மாமா ஓடி’ என்ற மந்திரக்காரக் கிழவி நம்மைத் தவளை அளவுக்குச் சுருக்குகிறாள். விலங்கு வாத்தியக்காரர்களைச் சந்திக்கிறோம். பழைய உருவத்துக்குத் திரும்ப வேண்டும், அதற்காக விழுகிறோம். அவ்வளவுதான். துரத்துபவர் இல்லை, ஏமாற்றுபவர் இல்லை. கதை படத்துக்குப் பிறகு நடப்பதால் அதன் வில்லன் ஃபெசிலியேவுக்கு இடமில்லை என்கிறார்கள் ஆதரவாளர்கள். இருக்கலாம். ஆனால் அத்தனை உயர ஏற்றத்தில் வயிற்றைக் கலக்க எதுவுமே இல்லாமல் போவது, மிளகாய் கிள்ளாத தாளிப்பு மாதிரி. விழுந்த பிறகு வரும் விருந்துக் காட்சி மட்டும் நிறைவாக இருக்கிறது. அந்த இசையும் ஒளியும் பழைய முடிவுக் காட்சிக்குச் சளைத்ததில்லை.

மூன்றாவது வழி, தண்ணீரையே மூடிவிடுவது. ஃப்ளோரிடா மேஜிக் கிங்டமில் 1971 முதல் இருந்த, நீராவிக் கப்பல் ஓடிய ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற நீர்ப்பரப்புக்கு 2025 ஜூலையில் அது நடந்தது. கார்ஸ் அனிமேஷன் படத்தை ஒட்டிய பகுதி அங்கே வருகிறது. அந்த நீராவிக் கப்பல் எங்கும் விழாதது, ஆகவே என் கேள்வி அதற்குப் பொருந்தாது. நெரிசலான பூங்காவில் மூச்சு வாங்க ஒரு நீர்ப்பரப்பு இருந்தது. அதன் மதிப்பு ஏறியவர்களின் எண்ணிக்கையில் தெரியாது. மூடினால் கெட்டதுதான் என்றும் சொல்லிவிட முடியாது. யுனிவர்சல் ஃப்ளோரிடாவில் 2012 தொடக்கத்தில் ஜாஸ் என்ற சுறா படத்தின் படகு சவாரியை மூடி, 2014-ல் ஹாரி பாட்டர் கதையின் டயகன் ஆலியைக் கட்டினார்கள். வந்தது அவ்வளவு அபாரமாக இருந்ததால் கோபம் தணிந்தது. சுறாவைத் தேடுபவர்களுக்கு ஜப்பானில் ஒசாகாவின் யுனிவர்சல் பூங்கா இருக்கிறது.

ஸ்பிளாஷ் ரசிகர்களுக்கும் அப்படி ஓர் ஊர் மிச்சம் இருக்கிறது. டோக்கியோவில் அந்த முயல் இன்றும் நரியிடம் கெஞ்சுகிறது. டோக்கியோ சவாரி, டியானா சவாரி இரண்டின் காணொளிகளையும் அடுத்தடுத்துப் போட்டு, கடைசி ஏற்றத்திலிருந்து பாருங்கள். டோக்கியோவில் கழுகுகள் பேசத் தொடங்கியதுமே படகில் இருப்பவர்களின் கை கம்பியைத் தேடிப் போகும்.