பழைய பைப் பெண்டிங் மெஷின் வாங்கப் போறீங்களா? கிளாம்ப் டையைக் கழற்றிப் பார்க்காம காசு கொடுக்காதீங்க

மூணு மாச வருமானம் போச்சு. நேத்து ராத்திரிதான் முழு விஷயமும் புரிஞ்சது. தூக்கம் வரல, அதான் இப்பவே எழுதுறேன். வளைக்கும்போது பைப் ஏன் கிளாம்ப் டையில, அதாவது அதைக் கவ்விப் பிடிக்கிற பள்ளம் போட்ட இரும்பு அச்சுல, நிக்காம ஸ்லிப் ஆகுது, எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு ஒவ்வொண்ணா கடைசியில எழுதுறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன்.

பழைய மெஷின் வாங்கி விற்கிற ஒரு ஆன்லைன் தளம். அதுல "சரிபார்க்கப்பட்டவர்"னு பச்சைக் குறி போட்டிருந்த ஒரு விற்பனையாளர். ரீகண்டிஷன் பண்ணின ரோட்டரி டிரா மெஷின் (பைப்பைப் பிடிச்சு, சுத்துற டை மேல இழுத்து வளைக்கிறது), ஹைட்ராலிக் கிளாம்ப், மாண்ட்ரல் (வளையுறப்ப நசுங்காம பைப்புக்குள்ள நிக்கிற தண்டு), 25.4 மில்லி டை செட்டோட தர்றதா விளம்பரம். எனக்குக் கைப்பிடிக் கம்பி வேலை. 25.4 மில்லி வெளிவிட்டம், 1.2 மில்லி கனம், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப். நேர்ல போய்ப் பார்த்தேன். கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டேன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

அவர் என் கண் முன்னாடியே ஒரு பைப்பை வளைச்சுக் காட்டினார். 90 டிகிரி, உள்பக்கம் ஒரு சுருக்கம் இல்ல. அப்புறம் அவரோட பையன் துணியால கிளாம்ப் டையைத் துடைச்சு என் கையில கொடுத்தான். பள்ளம் கண்ணாடி மாதிரி மின்னுது. "தம்பி, டை புதுசு மாதிரி இருக்கு பாருங்க. இதை வச்சு பத்து வருஷம் ஓட்டலாம்"னு அவர் சொன்னார். அந்த மினுமினுப்பைப் பார்த்துத்தான் மனசு விழுந்தது. அங்கேயே முழுப் பணத்தையும் கொடுத்தேன். என் பாக்கெட்ல அளவு பார்க்கிற வெர்னியர் இருந்தது. எடுக்கல.

மெஷின் வந்து இறங்கின முதல் நாளே ஆரம்பிச்சது. 90 டிகிரிக்குப் போட்டா ஒரு பைப் 86ல நிக்குது, அடுத்தது 81ல நிக்குது. உள்வளைவுல வரிவரியா சுருக்கம். எஸ்.எஸ். இல்லையா, வளைச்சதும் கொஞ்சம் திரும்பும், அதுதான்னு முதல்ல நினைச்சு கோணத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டேன். ஒரே கட்டுல வந்த பைப்புன்னா அந்தத் திரும்பல், ஸ்பிரிங் பேக், ஏறக்குறைய ஒரே அளவுதான் திரும்பும். இப்படி ஒண்ணுக்கொண்ணு மாறாது. இது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் அந்த அவசரத்துல தோணல. எங்க பட்டறைப் பையன்தான் மார்க்கரை எடுத்து, கிளாம்ப் டை முடியுற இடத்துல பைப் மேல ஒரு கோடு போட்டான். "அண்ணே, இப்ப வளைங்க"ன்னான். வளைச்சு முடிச்சதும் கோடு டையை விட்டு 6 மில்லி வெளியே வந்து நின்னது. டை சுத்துது, பைப் பிடியிலிருந்து உருவிக்கிட்டு வருது. அப்புறம் கோணம் எப்படி வரும்?

உடனே விற்பனையாளருக்குப் போன் போட்டேன். "உங்க பைப் சரியில்ல"ன்னார். வேற கட்டுலேர்ந்து எடுத்துப் போட்டோம், அதே கதை. "கிளாம்ப் பிரஷரைக் கூட்டுங்க." கூட்டினோம், ஒண்ணும் மாறல. மூணாவது தடவை "எண்ணெய் நல்லா விடுங்க"ன்னார். அதோட போனை எடுக்கிறதையே நிறுத்திட்டார்.

அந்தத் தளம் மூலமாவே ஒரு சர்வீஸ் ஆளை வரவழைச்சேன், அதுக்குத் தனிக் கட்டணம். வந்தவர் பிரஷர் டையை (வளையுற இடத்துக்குப் பின்னால பைப்பை அழுத்திக்கிட்டு நிக்கிற அச்சு) இறுக்கினார், கிளாம்ப் உட்பட எல்லா இடத்துலயும் எண்ணெயை ஊத்தினார், "இப்ப ஓட்டிப் பாருங்க"ன்னு கிளம்பிட்டார். ஸ்லிப் இரண்டு மடங்கு ஆச்சு. ஆகாம என்ன செய்யும்? பிரஷர் டையை இறுக்க இறுக்க அது பைப்பைப் பின்னால பிடிச்சு இழுக்கும், அந்த இழுப்பை எல்லாம் கிளாம்ப்தான் தாங்கணும். எண்ணெய் மாண்ட்ரலுக்கும், உள்வளைவுல சுருக்கம் விழாம தடுக்கிற வைப்பருக்கும்தான் வேணும். கிளாம்ப் பிடிக்கிற இடம் காய்ஞ்சு, சுத்தமா இருக்கணும். இது தெரியாத ஆளை "நிபுணர்"னு அனுப்பி என்கிட்ட காசு வாங்கியிருக்காங்க. 62 பைப் குப்பைக்குப் போச்சு. ஆர்டர் கொடுத்தவர் வேற இடம் பார்த்துட்டார். மெஷின், பைப், சர்வீஸ், போன ஆர்டர், எல்லாம் சேர்த்தா மூணு மாச வருமானம்.

நேத்து ராத்திரி ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வந்தேன். வளைக்கும்போது பிரஷர் கேஜ் முள் இறங்குதான்னு பார்த்தேன். இறங்கல, அப்ப கிளாம்ப் சிலிண்டர் சீல்ல குறை இல்ல. மாண்ட்ரலை எடுத்துட்டு ஒரு பைப் போட்டேன், அப்பவும் உருவுது. கடைசியா கிளாம்ப் டையைக் கழற்றி வெளிச்சத்துல வச்சேன். பைப்பை வச்சு கிளாம்ப் மூடினா இரண்டு டையோட முகத்துக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி நிக்கணும், அப்பதான் மொத்த பலமும் பைப் மேல விழும். இதுல முகமும் முகமும் ஒட்டிக்கிட்டு நிக்குது. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ்ல இருக்கிற மெல்லிசான தகடுகூட நுழையல. எவ்வளவு பிரஷர் கூட்டினாலும் டையும் டையும்தான் முட்டிக்குது, பைப்புக்குப் பிடியே இல்ல. தேய்ஞ்ச பள்ளத்தைப் பஃப் போட்டு மினுக்கி இன்னும் பெரிசாக்கியிருக்காங்க. பிடிக்கிற நீளம் வெறும் 38 மில்லி, முனையையும் அறுத்திருக்காங்க போல. பைப் விட்டத்தைப் போல இரண்டு மூணு மடங்கு நீளமாவது இருக்கணும்னு இந்த வேலையில எல்லாருக்கும் தெரியும்.

அப்ப அன்னைக்கு என் முன்னாடி எப்படி அவ்வளவு சுத்தமா வளைஞ்சது? பள்ளத்தோட ஓரத்துல காய்ஞ்ச பசை, அதுல ஒட்டின எமரி மணல். வளைச்சுக் காட்டும்போது பைப் வழுக்காம இருக்க உள்ளே எமரி பேப்பரை ஒட்டியிருக்காங்க! அந்தப் பையன் துணியால துடைச்சது அதைப் பிய்க்கத்தான். நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன்.

போட்டோவோட தளத்துக்குப் புகார் அனுப்பினேன். "டை தேய்மானப் பொருள், புகார் வரம்பில் வராது" என்று ஒரே வரியில பதில். மறுபடி எழுதினேன், அதே வரி திரும்பி வந்தது. மூணாவது தடவை எழுதினேன், புகார் முடிக்கப்பட்டதுன்னு காட்டுது. மூணு மாச வருமானம் உங்களுக்குத் தேய்மானமா?

ஒவ்வொண்ணா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. இதை மட்டும் பிடிச்சுக்கோங்க. உங்க பைப்பைக் கொண்டுபோய் உங்க கையால வளைங்க, ஒண்ணு போதாது, பத்து பைப்பாவது போடுங்க. மார்க்கர் கோடு போடாம வளைக்க விடாதீங்க. கிளாம்ப் மூடினதும் நடுவுல ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. பள்ளம் மின்னினா வெர்னியரை எடுங்க. அவங்க அனுப்புற சர்வீஸ் ஆள் கிளாம்ப்ல எண்ணெய் விட்டா அங்கேயே நிறுத்துங்க.

வேற டை செய்யக் கொடுத்திருக்கேன். பழைய டையைத் துடைக்கல, பசையும் மணலுமா அப்படியே கவர்ல போட்டு வச்சிருக்கேன்.