சூப்பர் ரெசல்யூஷன் நுண்ணோக்கி: பல வருடம் ஓட்டியபின்

சாதாரண ஒளி நுண்ணோக்கியின் எல்லையைத் தாண்டி நுணுக்கமாகக் காட்டுபவை சூப்பர் ரெசல்யூஷன் நுண்ணோக்கிகள். அவற்றில் ஸ்டார்ம் (STORM) கருவிதான் என் அன்றாட வேலை. சிம் (SIM), ஸ்டெட் (STED) என்ற வேறு இரண்டு வகைகளிலும் அவ்வப்போது உட்காருவேன். பளபளக்கும் விளம்பரப் படங்களைப் பார்த்து மயங்குபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: படத்தின் தரத்தில் பெரும்பங்கு சாம்பிளுடையது, லேசருக்கு அதற்கப்புறம்தான் இடம்.

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குள் நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே வகுத்த எல்லை அது. ஸ்டார்மில், சாம்பிளில் ஒட்டியிருக்கும் ஒளிரும் சாய மூலக்கூறுகள் எல்லாம் ஒருசேர ஒளிராமல், சில மட்டும் மாறி மாறி மினுங்கும். ஒவ்வொன்றின் மையத்தையும் கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான ஃபிரேம்களை அடுக்கினால் 20 நானோமீட்டர் அளவுக்குத் தெளிவு கிடைக்கும்.

கிடைக்கும்தான், பஃபர் (சாம்பிள் மூழ்கியிருக்கும் கரைசல்) ஒத்துழைத்தால். அதில் ஆக்சிஜனை அகற்ற குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ் என்ற நொதிகளைப் போடுகிறோம். அந்த வினையிலேயே அமிலம் சேர்ந்து பிஎச் இறங்கிக்கொண்டே போகும். காலையில் அழகாக மினுங்கிய அலெக்ஸா 647 சாயம் மதியத்தில் சோம்பிப் போவது இதனால்தான். கலந்தவுடன் படமெடுங்கள், மிச்சத்தைப் பத்திரப்படுத்துவது வீண்.

அடுத்த தலைவலி, சாயத்தைப் புரதத்தோடு ஒட்டவைக்கும் ஆன்டிபாடி. செல்லுக்குள் இருக்கும் நுண்குழாயான மைக்ரோட்யூபூலின் விட்டம் 25 நானோமீட்டர். முதல் ஆன்டிபாடி, அதன்மேல் இரண்டாவது என்று ஏற்றியபின் படத்தில் அது இரண்டு மடங்குக்கு மேல் தடித்துத் தெரியும். பார்ப்பது மைக்ரோட்யூபூலை அல்ல, அதன்மேல் போர்த்திய கம்பளியை. மிகச் சிறிய ஆன்டிபாடித் துண்டான நானோபாடிக்கு மாறினால் இந்தத் தடிமன் வெகுவாகக் குறையும். ஃபிக்சேஷனும் (செல்லை வேதிப்பொருளால் நிலைப்படுத்துவது) அப்படித்தான்: ஃபார்மால்டிஹைடு மட்டும் போட்டால் மைக்ரோட்யூபூல்கள் துண்டு துண்டாகும். குளுடரால்டிஹைடு சேர்த்தால் நிற்கும், கூடவே பின்னணி ஒளிர்வும் வரும். சோடியம் போரோஹைட்ரைடு கொண்டு அதைத் தணிக்க வேண்டும்.

புரதங்கள் கொத்துக்கொத்தாக இருக்கின்றன என்று யாராவது ஸ்டார்ம் படத்தைக் காட்டினால் நான் உடனே நம்புவதில்லை. ஒரே சாய மூலக்கூறு பலமுறை மினுங்கினாலும் கொத்து மாதிரியேதான் தெரியும். (ஆய்வுக் கூட்டங்களில் இதைக் கேட்டே சிலரின் முறைப்பைச் சம்பாதித்திருக்கிறேன்.) கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க செல்லின் உட்கரு உறையிலுள்ள துளையை எடுத்துக்கொள்வேன். எட்டு மூலைகளும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் அன்றைய வேலையைத் தொடங்குவது.

உயிருள்ள செல்லுக்கு நான் போவது சிம். தெளிவு சாதாரண நுண்ணோக்கியைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 100 நானோமீட்டர் அளவுதான். ஆனால் வழக்கமான சாயமே போதும், வேகமும் உண்டு. ஸ்டெட்டில் கணினி வழி மறுகட்டமைப்பு இல்லாமலே படம் கிடைப்பது பெரிய நிம்மதி. அதன் வலுவான லேசருக்குத் தாங்காமல் பல சாயங்கள் சீக்கிரம் வெளுத்துவிடும். எதுவானாலும், உங்கள் கேள்விக்கு 300 நானோமீட்டர் தெளிவே போதுமென்றால் வழக்கமான கான்ஃபோக்கல் நுண்ணோக்கியோடு நின்றுகொள்ளுங்கள்.

ஸ்டார்மேதான் வேண்டும் என்றால் கணினி வட்டு இடத்துக்கும் சேர்த்துப் பணம் கேளுங்கள். மூல ஃபிரேம்களை அழித்துவிட்டால், நகர்வுத் திருத்தத்தில் (படமெடுக்கையில் சாம்பிள் நகர்ந்ததைச் சரிசெய்வது) சந்தேகம் வரும் நாளில் மறுபடி கணக்கிட வழியில்லை.