மாவு அலமாரிக்கு இனக்கவர்ச்சிப் பொறி: வாங்கலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள்

முக்கோணமாக மடிக்கிற அட்டை, உள்ளே பசை, நடுவில் ஒரு சின்ன வில்லை, அவ்வளவுதான். பூச்சிக்கொல்லி கிடையாது, வாடையும் நமக்குத் தெரியாது. மாவிலும் தானியத்திலும் புழு வைக்கிற பிளோடியா இன்டர்பங்டெல்லா என்கிற அந்துப்பூச்சிக்கான பொறி இது. இறக்கையை விரித்தாலும் 2 செ.மீ.தான் வரும், முன்னிறக்கையில் உடம்பை ஒட்டிய பகுதி வெளிறிய சாம்பல், மீதி செம்பு நிறம், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

வேலை செய்கிறதா என்றால், நன்றாகவே செய்கிறது, வைத்த ராத்திரியே ஒட்ட ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஒட்டுவதெல்லாம் ஆண் பூச்சி. பெண் பூச்சி ஆணை வரவழைக்க விடுகிற வாசனையைச் செயற்கையாகச் செய்து வில்லையில் ஏற்றியிருக்கிறார்கள். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், ஒரு பெண் 400 முட்டை வரைக்கும் இடும், அப்படியிருக்க நாலு ஆண் தப்பினாலே போதும். பெட்டியில் 'அடியோடு ஒழிக்கும்' என்று போட்டிருப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

இன்னொன்று, பறக்கிற பூச்சி தானியத்தைத் தின்பதே இல்லை, ஒன்றிரண்டு வாரத்தில் செத்தும் போகும். நாசம் பண்ணுவது புழு. மாவைக் கரண்டியால் கிளறினால் நூலாம்படை மாதிரி இழையோடு கட்டி கட்டியாக வரும், இழை முழுக்கப் பொடிப்பொடியாக எச்சம். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கடித்துத் துளைத்துவிடும். அப்புறம் வளர்ந்த புழு தீனியை விட்டுவிட்டுச் சுவரேறிப் போய், கூரை மூலையிலோ டப்பா மூடியின் மரையிலோ கூடு கட்டும். இதில் எதையும் பொறி தொடாது.

சரி, பிறகு ஏன் வாங்கச் சொல்கிறேன்? எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. அலமாரிக்கு ஒன்றாக வைத்தால், எதில் அதிகம் ஒட்டுகிறதோ அதற்குப் பக்கத்து டப்பாக்களை முதலில் திறந்து பாருங்கள். புழு வைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, சந்தேகமானதை மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள், முட்டையும் சேர்ந்து சாகும். துடைத்து முடித்த பிறகும் பொறியை எடுத்துவிடாதீர்கள்; வெக்கையில் ஒரு மாதத்தில் முடிகிற இதன் வாழ்க்கைச் சுற்று குளிரில் பல மாதம் இழுக்கும்.

குறை என்றால் பசைதான், மாவுத் தூசி படிந்தால் பிடிப்பு போய்விடுகிறது, அதனால் மேல்தட்டில் வைப்பது நல்லது. அரிசி வண்டுக்கும் துணி அரிக்கிற அந்துக்கும் இதை வாங்காதீர்கள், அவை இந்த வாசனைக்கு வராது.